தலைமாட்டில் தொங்கும் உப்புநீர்

மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில், இரும்புக் கம்பியிலிருந்து தலைகீழாகத் தொங்கும் புட்டியை அறியாதார் நம்மிடையே இலர். 'குளுக்கோஸ் ஏற்றியாயிற்றா?' என்பது நோயாளியைக் காணச் செல்வோர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று. புட்டியில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோசன்று, உப்புநீரே என்பதை எடுத்துச் சொன்னாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை. துளி துளியாக இறங்கும் அந்த நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதில் உறவினர்க்கு ஓர் ஆறுதல். ஒன்று தீர்ந்தவுடன் மற்றொன்றை மாட்டாவிட்டால் ஏதோ குறை வைத்துவிட்டதாகவே மனம் பதைக்கிறது.

வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்யப்பட்டவரை மூன்றாம் நாள் பார்த்தவர்கள் மற்றொன்றையும் கண்டிருப்பார்கள். முகம் உப்பியிருக்கும், கண்ணிமை தடித்திருக்கும், கைவிரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்ற இயலாது. 'முகம் நன்றாகத் தெளிந்துவிட்டதே' என்று மகிழ்பவர்களும் உண்டு. அது தெளிவன்று, நீர். குருதிக்குழாய்க்குள் செலுத்தப்பட்ட நீர் அங்கே நில்லாமல் சுவர் வழியே கசிந்து தசையிலும் தோலிலும் தேங்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் முகம் அவ்வாறு வீங்கியிருக்குமானால், கண்ணுக்குத் தெரியாத நுரையீரலும், மருத்துவர் தைத்துவிட்டு வந்த குடலும் எந்நிலையில் இருக்கும்? இக்கேள்வியை மருத்துவ உலகம் முறையாகக் கேட்கத் தொடங்கியது மிக அண்மையிலேதான். அதற்கு முன் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் நீரை ஊற்றிக்கொண்டே இருந்தது. அவ்வரலாற்றை இங்குச் சொல்லப் புகுகிறோம்.

அது அறுவைக் கூடத்தில் தொடங்கவில்லை; கொள்ளைநோயில் தொடங்கியது. 1817இல் வங்காளத்தில் மூண்டெழுந்த வாந்திபேதி நிலவழியும் கடல்வழியும் பரவி, 1831 அக்டோபரில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை அடைந்தது. கண்கள் குழிந்து, தோல் நீலம் பாரித்து, ஒரே நாளில் மனிதர் வற்றிச் சாவதைக் கண்டு அந்நாட்டு மருத்துவர்கள் திகைத்தனர். அப்போது அவர்கள் கைக்கொண்ட மருத்துவம் என்ன தெரியுமா? குருதியைக் கத்தியால் கீறி வெளியேற்றுவதும், பேதி மருந்து கொடுப்பதுமே. நீரிழந்து சாகிறவனிடமிருந்து எஞ்சிய நீரையும் பறித்தார்கள்.

அவ்வேளையில் எடின்பரோவில் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன அயர்லாந்து இளைஞர் வில்லியம் புரூக் ஓஷாநெசி, சண்டர்லாந்துக்குச் சென்று நோயாளிகளின் குருதியை வேதியியல் முறைப்படி ஆராய்ந்தார். குருதி தன் நீரின் பெரும்பகுதியையும் உப்பையும் காரத்தையும் இழந்திருக்கிறது. இழந்தவை அனைத்தும் பேதியில் வெளியேறிய நீரில் இருக்கின்றன. இதுதான் அவர் கண்டது. இழந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், குருதிக்குழாய்க்குள்ளேயே செலுத்தலாம் என்றும் அவர் எழுதினார். எண்ணிப் பார்த்தால் இதைவிட எளிய கருத்து வேறில்லை. ஆயினும் அதுவரை பெரும்பாலோர்க்கு அது தோன்றவில்லை.

எழுதியவர் ஓஷாநெசி, செய்து பார்த்தவர் வேறொருவர். எடின்பரோவை அடுத்த லீத் என்னும் துறைமுக ஊரின் மருத்துவர் தாமஸ் லாட்டா. 1832 மே மாதம், இறக்கும் தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருத்தியின் கைக்குழாயில் அவர் குழல் பொருத்தி, உப்பும் சோடா உப்பும் கலந்த வெந்நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. அவரோ நிறுத்தவில்லை. அரை மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் உட்சென்றபோது, குழிந்த கண்களில் ஒளி வந்தது, நாடி திரும்பியது, குளிர்ந்த கைகால்கள் சூடேறின, அம்மூதாட்டி வாய்திறந்து பேசி, தனக்கு வேதனை ஏதும் இல்லை என்றாள். அவள் பிழைத்துவிட்டதாகக் கருதிய லாட்டா, களைப்பு மிகுதியால் அவளை மருத்துவமனை அறுவை மருத்துவரிடம் ஒப்படைத்து ஓய்வெடுக்கச் சென்றார். அவர் போன சிறிது நேரத்தில் வாந்தியும் பேதியும் திரும்பின. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள். மீண்டும் ஒருமுறை நீர் செலுத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்பது லாட்டாவின் எண்ணம். அதை மறைக்காமல் எழுதி அனுப்பினார். 'லான்செட்' இதழ் அக்கடிதத்தை அவ்வாண்டு ஜூனில் வெளியிட்டது.

இக்கடிதத்தை நாம் பெரிதாக மதிக்கிறோம். முதல் நோயாளி இறந்ததைக் கூறித் தம் முறையைத் தாமே ஐயத்துக்கு உள்ளாக்கிக்கொண்ட நேர்மை அதில் இருக்கிறது. இந்த வரலாற்றின் பிற்பகுதியில் வரும் ஒரு மனிதரின் நடத்தையோடு ஒப்பிடும்போது அதன் அருமை மேலும் விளங்கும்.

லாட்டாவின் முறை நிலைக்கவில்லை. சாகக் கிடந்தவர்களுக்கு மட்டுமே அது செய்யப்பட்டது; எனவே பெரும்பாலோர் இறந்தனர். நீரைக் கொதிக்கவைத்துத் தூய்மையாக்க வேண்டும் என்ற அறிவு அக்காலத்தில் இல்லை. அவர் கலந்த உப்பும் குருதியில் உள்ளதைவிடக் குறைவு. லாட்டா 1833இலேயே காசநோயால் இறந்தார், கொள்ளைநோயும் ஓய்ந்தது, மருத்துவர்கள் மீண்டும் கத்தியை எடுத்துக்கொண்டார்கள். ஓஷாநெசியோ அவ்வாண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தா வந்து, அங்கு மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து, பின் தந்திக் கம்பிகளில் ஈடுபட்டார். 1855இல் கல்கத்தாவையும் ஆக்ராவையும் பம்பாயையும் சென்னையையும் இணைத்த தந்தி வழி அவருடைய கைவண்ணமே. சென்னை மாகாணத்தார் அவரை அறிந்திருந்தால் தந்திக்காரராகத்தான் அறிந்திருப்பார்கள். உப்புநீரை அவரே மறந்துவிட்டார் போலும். வாந்திபேதி தோன்றிய வங்காளத்தில், அதே கல்கத்தாவில், லியோனார்டு ராஜர்ஸ் என்பவர் அடர்ந்த உப்புநீரைக் குருதிக்குழாயில் செலுத்தி இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டியது இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில்தான்.

இடைப்பட்ட காலத்தில் எந்த உப்புநீர் என்ற கேள்வி ஆய்வுக்கூடங்களில் உருவாயிற்று. இலண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புநீரில் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். 1882இல் வெளியிட்ட முடிவுகளை 1883இல் அவரே திருத்த நேர்ந்தது. காய்ச்சி வடித்த நீரில் கரைத்ததாக அவர் நம்பியிருந்த உப்பு, உண்மையில் இலண்டன் குழாய்நீரில் கரைக்கப்பட்டிருந்தது. அந்நீரிலிருந்த சுண்ணாம்புச் சத்தே இதயத்தைத் துடிக்கவைத்தது. தூய நீரில் கரைத்தபோது இதயம் நின்றது. உதவியாளரின் சோம்பலால் நேர்ந்த பிழை என்று பிற்காலத்தார் கதையாகச் சொல்வார்கள். எவ்வாறாயினும் கால்சியமும் பொட்டாசியமும் சேர்ந்த ரிங்கர் கரைசல் அவ்வாறு பிறந்தது. 1932இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதனுடன் லாக்டேட்டைச் சேர்த்தார். பேதியால் குருதியில் அமிலம் மிகுந்த குழந்தைகளைக் காப்பதே அவர் நோக்கம். இன்று நம் மருத்துவமனைகளில் 'ஆர்.எல்.' என்று சுருக்கமாக வழங்கப்படும் புட்டி அதுவே.

மற்றொரு புட்டியான 'நார்மல் சலைன்' வந்த வழி வேறு. ஹாலந்து நாட்டு அறிஞர் ஹாம்பர்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சிவப்பணுக்கள் சிதையாமல் நிற்கும் உப்பளவை ஆய்வுக்கூடத்தில் தேடி, லிட்டருக்கு ஒன்பது கிராம் என்று கணித்தார். கண்ணாடிக் கலத்தில் கண்ட கணக்கு அது. அதை மனித உடம்பில் லிட்டர் லிட்டராக ஊற்றுவதற்கு முன் எவரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அதில் குளோரைடு 154 மில்லிமோல். நம் குருதியிலோ நூறைச் சுற்றித்தான். மிகுதியாகச் செலுத்தினால் குருதியில் அமிலம் ஏறுகிறது. 'நார்மல்' என்ற பெயர் மட்டும் நூறாண்டுக்கு மேலாக அசையாமல் நிற்கிறது. பெயருக்கு இருக்கும் வலிமையே வலிமை!

1920களில் இரண்டு முன்னேற்றங்கள் வந்தன. நீரேற்றிய பின் வரும் குளிர்காய்ச்சலுக்குக் காய்ச்சி வடித்த நீரில் எஞ்சும் நுண்ணுயிர்க் கழிவே காரணம் என்பதை 1923இல் புளோரன்ஸ் சீபெர்ட் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் கண்டறிந்தார். 1924இல் நியூ ஆர்லியன்ஸ் நகர அறுவை மருத்துவர் ருடால்ஃப் மாட்டாஸ், இடைவிடாமல் சொட்டுச்சொட்டாக ஏற்றும் முறையை எழுதி வெளியிட்டார். புட்டி தலைமாட்டில் தொங்கத் தொடங்கிவிட்டது. செலுத்திய நீர் எங்கே போகிறது என்ற வினாவுக்கு அதற்கு முன்பே ஒருவர் விடை சொல்லியிருந்தார்.

எர்னஸ்ட் ஸ்டார்லிங் இலண்டன் உடலியல் அறிஞர். 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905இல் மருத்துவ உலகுக்கு வழங்கியவர் இவரே. 1896இல், நாயின் பின்னங்காலில் செய்த சோதனைகளைக் கொண்டு ஓர் உண்மையை நிறுவினார். முடியினும் நுண்ணிய குருதிக்குழாய்களான தந்துகிகளின் சுவர் நீரையும் உப்பையும் தடையின்றி விடும். புரதத்தை எளிதில் விடாது. உள்ளிருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. உள்ளேயே தங்கிய புரதம் நீரை உள்ளே இழுக்கிறது. இவ்விரு விசைகளின் இழுபறியில்தான் நம் உடம்பு வீங்காமலும் வற்றாமலும் இருக்கிறது. பின்னர் யூஜின் லாண்டிஸ் தவளையின் ஒரே ஒரு தந்துகிக்குள் கண்ணாடி ஊசியைச் செருகி அழுத்தத்தை அளந்து காட்டினார். தமனி முனையில் நீர் வெளியேறுகிறது, சிரை முனையில் திரும்பி வருகிறது என்ற அழகிய படம் பாடநூல்களில் ஏறியது. உலகெங்கும் மருத்துவ மாணவர் பல தலைமுறையாக அதை மனப்பாடம் செய்தனர்.

அழகிய படம் என்று சொன்னோம். அதன் அழகே பின்னர் இடையூறாயிற்று. படத்திலிருந்து எளிதாக ஒரு கணக்குப் பிறந்தது: உப்புநீர் மூன்று அல்லது நான்கு லிட்டர் ஏற்றினால் ஒரு லிட்டர்தான் குழாய்க்குள் தங்கும், புரதம் போன்ற பெருமூலக்கூறு கலந்த நீரை ஒரு லிட்டர் ஏற்றினால் முழுவதும் தங்கும். அவ்வாறாயின் பின்னதுதானே மேல்? முதல் உலகப் போரில் குருதியிழந்த வீரர்களுக்கு, ஸ்டார்லிங்கின் மைத்துனரும் உடனாய்வாளருமான பேலிஸ், வேல மரப் பிசினைக் கரைத்து ஏற்றப் பரிந்துரைத்தார். பிசின் ஈரலில் படிவது தெரிந்தபின் அது கைவிடப்பட்டது. இரண்டாம் போரில் ஹார்வர்டின் எட்வின் கோன் மனிதக் குருதியிலிருந்தே ஆல்புமின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் தீக்காயமுற்றோர்க்கு அது ஏற்றப்பட்டது. ஆல்புமின் விலை மிகுந்தது. ஆகவே மலிவானவற்றைத் தேடினார்கள். சுவீடனில் டெக்ஸ்ட்ரான் வந்தது; மாட்டெலும்பிலிருந்து ஜெலட்டின் வந்தது; கடைசியாக மக்காச்சோள, உருளைக்கிழங்கு மாவுச்சத்திலிருந்து ஸ்டார்ச் கரைசல் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரே படம்.

உப்புநீர்ப் பக்கத்திலும் மிகை நேர்ந்தது. அதற்கு வழிவகுத்தவர் டல்லஸ் நகர அறுவை மருத்துவர் டாம் ஷயர்ஸ். (1963இல் கென்னடி சுடப்பட்ட நாளில் காயமுற்ற ஆளுநர் கானலிக்கும், பின் ஆஸ்வால்டுக்கும் அறுவை செய்தவர்களுள் இவரும் ஒருவர்.) 1961இல் இவர் பெரிய அறுவைக்கு உள்ளான பதின்மூவரையும், ஒப்பீட்டுக்காக ஐவரையும் எடுத்துக்கொண்டு, கதிரியக்கமுள்ள சல்பேட்டைச் செலுத்தி உடம்பின் நீரை அளந்தார். இழந்த குருதியின் அளவைக்கொண்டு விளக்க முடியாதபடி நீர் குறைந்திருந்தது. அது எங்கே போயிற்று? குழாயிலும் இல்லை, அணுவிலும் இல்லை. காணாத மூன்றாம் இடம் ஒன்றில் ஒளிந்துகொண்டது என்று கொள்ளப்பட்டது. ஒளிந்ததை ஈடுசெய்ய மேலும் மேலும் உப்புநீர் ஊற்ற வேண்டும் என்ற விதி பிறந்தது. வயிறு திறந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் இத்தனை மில்லிலிட்டர் என்று வாய்பாடுகள் எழுந்தன.

வியட்நாம் போர் இவ்விதிக்குப் பெரும் சோதனைக்களம் ஆயிற்று. தாராளமாக நீர் ஏற்றப்பட்டதால் கொரியப் போரில் கண்ட அளவுக்குச் சிறுநீரகங்கள் கெடவில்லை; அது மெய்யான நன்மை, மறுக்கலாகாது. ஆனால் காயத்திலிருந்து பிழைத்த வீரர்கள் சிலர் ஓரிரு நாளில் மூச்சுத் திணறி இறந்தனர். நுரையீரல் நனைந்த பஞ்சுபோலக் கனத்திருந்தது. வீரர்கள் சிகிச்சை பெற்ற ஊரின் பெயரால் அதை 'டா நாங் நுரையீரல்' என்றழைத்தார்கள். அறுவையின்போது உடம்பு தானே நீரையும் உப்பையும் இறுகப் பற்றிக்கொள்ளும், ஆகவே குறைவாகக் கொடுங்கள் என்று பாஸ்டனின் பிரான்சிஸ் மூர் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார். 1967இல் எதிரெதிர் முகாம்களின் தலைவர்களான மூரும் ஷயர்சும் சேர்ந்து ஒரு சிறு தலையங்கம் எழுதினார்கள். அதன் தலைப்பு ஒரே சொல்: நிதானம். தலைவர்கள் இருவரும் கூடிச் சொல்லியும் தொண்டர்கள் கேட்கவில்லை என்பது மருத்துவத்துக்கு மட்டும் உரிய வியப்பன்று.

முப்பதாண்டுக்கு மேல் கழிந்து, 2003இல்தான் டென்மார்க்கில் எட்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த பிரிட்டா பிராண்ட்ஸ்ட்ரூப் குழுவினர் நேரிய சோதனை ஒன்றைச் செய்தனர். பெருங்குடல் அறுவைக்கு வந்த 172 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான தாராளமும், மற்றவர்க்கு எடை கூடாத அளவு சிக்கனமும் கையாண்டார்கள். தாராளப் பிரிவில் நூற்றுக்கு 51 பேருக்குச் சிக்கல்கள் நேர்ந்தன. சிக்கனப் பிரிவில் 33 பேருக்கு. மூன்றாம் இடத்தின் கதியும் பின்னர் தெரிந்தது. பழைய அளவீடுகளை எல்லாம் அடுக்கிப் பார்த்தபோது, அளவுப்பொருள் உடம்பெங்கும் பரவக் காலம் கொடாமல் அவசரமாக அளந்தவர்கள் மட்டுமே நீர் காணாமற்போனதைக் கண்டிருந்தார்கள். பொறுத்து அளந்தவர்கள் காணவில்லை. இல்லாத இடத்தை நிரப்பவே நாற்பதாண்டுகள் நீர் ஊற்றப்பட்டது! ஊற்றிய நீர் தங்கிய இடமே வீக்கம். அவ்வீக்கத்தைக் கண்டு, 'பார்த்தீர்களா, நீர் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது' என்று மேலும் ஊற்றினார்கள்.

ஸ்டார்லிங்கின் கணக்குக்கும் சோதனை வந்தது. 1998இல் பழைய ஆய்வுகளின் தொகுப்பொன்று, ஆல்புமின் பெற்றவர்கள் மிகுதியாக இறந்ததாகச் சொல்லி அச்சமூட்டியது. அதைத் தீர்த்துக்கொள்ள ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இணைந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 6,997 நோயாளிகளை ஆய்ந்தன. 2004இல் முடிவு வந்தது. இருபத்தெட்டு நாளில் ஆல்புமின் பிரிவில் இறந்தவர் 726. உப்புநீர்ப் பிரிவில் 729. அச்சம் வீண், அதைவிட உயர்ந்தது என்ற நம்பிக்கையும் வீண். நாம் கவனிக்க வேண்டியது மற்றோர் எண். ஆல்புமினுக்கு ஈடாக மும்மடங்கு உப்புநீர் தேவைப்படும் என்பது பாடநூல். உண்மையில் தேவைப்பட்டது ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்கும் குறைவே. படம் எங்கோ தவறியிருந்தது.

எங்கே தவறியது என்பதற்கான விடை 1966 முதலே ஒரு மூலையில் கிடந்தது. அவ்வாண்டு லூஃப்ட் என்னும் அமெரிக்க அறிஞர் ருத்தீனியம் சிவப்பு என்ற சாயத்தைக் கொண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, குருதிக்குழாயின் உட்சுவர் வெறுமையாக இல்லை. அதன்மேல் பாசிபோல் படர்ந்த ஒரு மெல்லிய போர்வை இருந்தது. சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் பின்னிய படலம் அது, கிளைக்கோகேலிக்ஸ் என்பர். அதுவரை திசுவைப் பதப்படுத்திய முறைகள் அப்படலத்தை அழித்துவிட்டிருந்தமையால் எவரும் காணவில்லை. காண்பதற்காகச் செய்த ஆயத்தமே காண வேண்டியதைக் கழுவிவிட்டது. புரதத்தைத் தடுக்கும் உண்மையான சல்லடை இப்போர்வையே. நீரை இழுக்கும் விசை, குருதிக்கும் வெளித்திசுவுக்கும் இடையே உள்ளதன்று. குருதிக்கும் இப்போர்வையின் அடியிலுள்ள சிறு இடைவெளிக்கும் இடையே உள்ளது. ஆகவே வெளியேறிய நீர் சிரைமுனையில் திரும்புவதில்லை. பெரும்பாலான திசுக்களில் நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றித்தான் குருதியை அடைகிறது. லெவிக், மைக்கேல் ஆகிய இருவரும் 2010இல் இதைத் தொகுத்தெழுதினர். விலையுயர்ந்த புரதக் கரைசலை ஏற்றி வீங்கிய திசுவிலிருந்து நீரை உறிஞ்சிவிடலாம் என்ற பழைய நம்பிக்கை இத்துடன் தளர்ந்தது.

அறுவையின்போது இப்போர்வை கிழிகிறது. குருதியோட்டம் தடைப்பட்டு மீள்வதும், உடம்பில் எழும் அழற்சியும் அதை உதிர்க்கின்றன. பெருந்தமனி அறுவைக்குப் பின் நோயாளியின் குருதியில் அதன் துணுக்குகள் மிதப்பதை ஜெர்மானிய ஆய்வாளர் 2007இல் அளந்து காட்டினர். சுவர் கசிவதை அதற்கு முன்பே வேறு வகையில் அறிந்திருந்தார்கள். ஆல்புமின் இயல்பாகவே மணிக்கு நூற்றில் ஐந்து பங்கு குழாயை விட்டு வெளியேறுகிறது. இதய அறுவைக்குப் பின் அது இருமடங்காகிறது, நச்சுக்குருதி நோயில் அதனினும் மிகுகிறது என்று 1985இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அளவுமீறிய நீரேற்றமும் இப்போர்வையைக் கெடுக்குமா என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: சுவர் ஓட்டையானபின் எந்தப் புட்டியைத் தொங்கவிட்டாலும் கசியும். பெருமூலக்கூறும் சேர்ந்து கசியும்.

இனி அந்த மனிதரைப் பற்றி. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் மயக்கமருந்துத் துறைத் தலைவராக இருந்த யோவாகிம் போல்ட், ஸ்டார்ச் கரைசலுக்குச் சாதகமாகப் பல ஆண்டுகள் எழுதிக் குவித்தவர். அவருடைய சொல்லுக்கு உலகெங்கும் மதிப்பு இருந்தது. 2009இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையின் எண்கள் நம்பத்தகாத அளவுக்குச் சீராக இருக்கின்றன என்று வாசகர் சிலர் இதழாசிரியர்க்கு எழுதினார்கள். விசாரணை நடந்தது. 2010இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கட்டுரை கூறிய ஆய்வு நடந்ததற்கே சான்று இல்லை. நெறிமுறைக் குழுவின் இசைவு இன்றி வெளியிடப்பட்டவை என்று 2011இல் பல இதழ்களின் ஆசிரியர்கள் கூட்டாக அறிவித்தவை தொண்ணூறுக்கு அண்மை. எண்ணிக்கை பின்னும் வளர்ந்தது. வாசகர் எழுதிய கடிதங்களால் வெளிப்பட்ட உண்மை இது.

அவருடைய ஆய்வுகளை நீக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கூட்டிப் பார்த்தபோது, அதுவரை மறைந்திருந்த தீங்கு தலைகாட்டியது. 2012இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நச்சுக்குருதி நோயுற்ற 798 பேரை ஆய்ந்தபோது, தொண்ணூறு நாளில் ஸ்டார்ச் பெற்றவருள் நூற்றுக்கு 51 பேரும், உப்புக்கரைசல் பெற்றவருள் 43 பேரும் இறந்திருந்தனர். அதே ஆண்டில் ஏழாயிரம் பேரிடம் நடந்த ஆஸ்திரேலிய ஆய்வில் இறப்பில் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால் ஸ்டார்ச் பெற்றவருள் மிகுதியானோர்க்குச் சிறுநீரகத்துக்கு மாற்றாக இயந்திரம் தேவைப்பட்டது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டினர் 2013இல் எல்லை வகுத்தனர். அது மதிக்கப்படாததால் 2022இல் விற்பனை உரிமத்தையே நிறுத்திவைத்தனர். எத்தனை பேர் சிறுநீரகம் இழந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிட எவராலும் இயலாது. மருத்துவர்கள் அவரை நம்பினார்கள். நோயாளிகள் மருத்துவர்களை நம்பினார்கள். கட்டிலில் கிடப்பவன் தலைமாட்டிலுள்ள புட்டியின் பெயரைக் கேட்பதில்லை.

இவ்வளவும் கேட்டபின் 'அப்படியானால் நீரே ஏற்ற வேண்டா' என்று எவரேனும் முடிவு கட்டலாம். அதுவும் பிழை. ஏழு நாடுகளில் பெரிய வயிற்றறுவைக்கு உள்ளான மூவாயிரம் பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர்க்கு முதல் நாளில் ஏறத்தாழ 3.7 லிட்டரும், மற்றவர்க்கு 6.1 லிட்டரும் கிடைத்தன. ஓராண்டு கழித்து ஊனமின்றி உயிரோடிருந்தவர் இரு பிரிவிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 82 பேர். ஆனால் இறுக்கிப் பிடித்த பிரிவில் சிறுநீரகப் பழுது நூற்றுக்கு 8.6, தாராளப் பிரிவில் 5.0. டென்மார்க்கின் சிக்கனத்தைக் கண்டு உலகம் மறுகோடிக்கு ஓடிவிட்டிருந்தது. மூரும் ஷயர்சும் தலைப்பிட்ட ஒற்றைச் சொல்லுக்கு ஐம்பதாண்டு கழித்துச் சான்று கிடைத்தது எனலாம்.

எந்த உப்புநீர் என்ற ஹாம்பர்கர் காலத்து வழக்கும் முழுதாகத் தீரவில்லை. ரிங்கர், ஹார்ட்மன் வழிவந்த சமன்செய்த கரைசல்கள் சிறுநீரகத்துக்குச் சற்று நல்லவை என்று 2018இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் 2021, 2022இல் வந்த பேராய்வுகள் தெளிவான வேறுபாடு காணவில்லை. அறுவைக் கூடங்களில் பலர் இப்போது சமன்செய்த கரைசலையே முதலில் எடுக்கிறார்கள். தலையில் அடிபட்டவர்க்கு நார்மல் சலைனையே விரும்புகிறார்கள். ஏற்றும் அளவை மணிக்கணக்கு வாய்பாட்டால் முடிவு செய்யாமல், சிறிது கொடுத்து, இதயம் அதற்கு இசைகிறதா என்று கருவிகளால் பார்த்து, பின் மேலும் கொடுப்பதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் வழக்கம் பரவி வருகிறது.

அறுவைக்கு முந்திய இரவு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கலாகாது என்று நம் வீடுகளில் நோயாளியை வறளவிட்டு, அந்த வறட்சியைக் காலையில் புட்டியால் ஈடுசெய்யும் வழக்கமும் மாறவேண்டிய ஒன்று. வயிறு ஒழுங்காக இயங்கும் நோயாளி, மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீரைப் பருகலாம் என்பது மயக்கமருந்து வல்லுநர் சங்கங்கள் பல வகுத்துள்ள விதி; எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும். அவ்விதியைக் கைக்கொள்ளும் மருத்துவமனைகளில், அறுவை முடிந்த மாலையிலேயே பலருக்கு ஒரு குவளை வெந்நீர் கொடுக்கிறார்கள். அது வயிற்றில் தங்கிவிட்டால், மறுநாள் காலையில் கையிலிருந்து குழலை எடுத்துவிட்டு, கம்பியிலிருந்து புட்டியையும் இறக்கி வைக்கிறார்கள்.